சொன்னதைச் சொன்னபடி: பிள்ளைப் பேச்சுக் கொப்பி எழுதும் முறை

கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில், பக்கத்து வீட்டு அண்ணர் வேலிக்கு அப்பால் சைக்கிளை நிறுத்தி, "தங்கச்சி, குளம் வான் பாயுதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களை நம்பி வாழும் வன்னியில் மாரி காலத்துக்கு இதைவிடச் சாதாரணமான செய்தி கிடையாது. ஆனால் அடுப்படி வாசலில் குந்தியிருந்து பாண் தின்றுகொண்டிருந்த என் மகன் பாணைக் கோப்பையில் வைத்துவிட்டு எழுந்து நின்றான். அப்போது அவனுக்கு மூன்று வயதும் ஏழு மாதமும்.

"எந்த வான் அம்மா? நேசறி வானோ?"

"இல்லையடா ராசா, குளம் வான் பாயுது."

"குளம் வானுக்கு மேல பாஞ்சதோ, வான் குளத்துக்குள்ள பாஞ்சதோ?"

நான் பதில் தேடுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "உள்ளுக்க ஆர் இருந்தவை?" அதற்கும் பதில் வராததால், மிகவும் தாழ்ந்த குரலில், "டிரைவர் மாமாவுக்கு நீந்தத் தெரியுமோ?" என்றான்.

குளம் நிறைந்து மேலதிக நீர் வழிந்தோடுவதை வான் பாய்தல் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிற நாம், பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வாகனத்தையும் வான் என்றே அழைக்கிறோம் என்பதை அன்றுவரை நான் ஒரு தடவையேனும் நினைத்துப் பார்த்ததில்லை. அன்றிரவே அந்த நான்கு கேள்விகளையும் வரிசை மாறாமல் எழுதி வைத்தேன். எழுதாமல் விட்டிருந்தால் இன்று எனக்கு "வானைப் பற்றி ஏதோ பகிடியாகக் கேட்டான்" என்பது மட்டுமே எஞ்சியிருக்கும். டிரைவர் மாமாவுக்கு நீந்தத் தெரியுமா என்று அவன் கவலைப்பட்டதுதான் அந்தப் பேச்சின் உயிர். முதலில் மறந்துபோவதும் அப்படிப்பட்ட கடைசி வரிதான்.

மூன்று பிள்ளைகளோடு சில ஆண்டுகளாக இப்படியொரு கொப்பியை எழுதி வருகிறேன். மூத்தவள் முதலாம் தரத்தில் படிக்கிறாள். நடுவிலான் முன்பள்ளிக்குப் போகிறான். கடைக்குட்டிக்கு இரண்டு வயதும் ஒரு மாதமும். அதிகாலையில் இடியப்பத்துக்கு மாக் குழைக்கத் தொடங்கி, இரவு கோழிக்கூட்டைச் சாத்திவிட்டு வரும்வரை ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு எழுதுவதற்கு நேரம் ஏது என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சரியான முறையில் செய்தால் இதற்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செல்லாது.

கொப்பியும் பேனையும்

அழகான அட்டை போட்ட நாட்குறிப்பை வாங்க வேண்டாம். அழகான பொருளில் பிழையாக எழுதிவிடுவோமோ என்ற தயக்கத்திலேயே முதல் மாதம் போய்விடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் 80 பக்கக் கோடிட்ட கொப்பியே போதும். அது தைத்த கொப்பியாக இருக்கட்டும். கம்பி போட்ட கொப்பியிலிருந்து தாளைக் கிழிப்பது எவ்வளவு சுலபம் என்பதை எந்த வீட்டுக் கடைக்குட்டியும் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும்.

பேனை சாதாரணக் குமிழ்முனைப் பேனையாக இருக்க வேண்டும். ஜெல் பேனையின் மை தண்ணீர் பட்டால் பரவிவிடும். ஓட்டுக் கூரையின் ஒழுக்கு எந்த மூலையில் விழும் என்று மாரி தொடங்கும்வரை யாருக்கும் தெரியாது. என்னுடைய முதற்கொப்பியில் மூத்தவளின் முதல் இரண்டு மாதப் பேச்சு நீல நிறக் குளமாகிப் போனது அப்படித்தான்.

கறையான் இன்னொரு பகை. மண்சுவரிலோ நிலத்திலோ தொட்டுக்கொண்டிருக்கும் கடதாசி எதையும் அது விட்டுவைக்காது. கொப்பியைப் பிஸ்கற் ரின் ஒன்றில் போட்டு மூடி, நிலத்தையும் சுவரையும் தொடாத உயரத்தில் வையுங்கள். அந்த உயரத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. மற்றக் காரணம் பேனையைத் தேடி அலையும் பிள்ளைகள்.

கைத்தொலைபேசியில் படம் பிடித்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். படம் பிடிப்பதில் தவறில்லை. ஆயினும் போனைக் கையில் எடுத்த கணத்திலேயே பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டு, "காட்டுங்கோ, காட்டுங்கோ" என்று போனைப் பிடுங்க ஓடிவருவதை எல்லாத் தாய்மாரும் அறிவோம். அரிய பேச்சு எதுவும் முன்னறிவித்துக்கொண்டு வருவதுமில்லை. என் பழைய போன் கிணற்றடித் தொட்டிக்குள் விழுந்தபோது அதிலிருந்த படங்களும் அதனோடு போயின. கொப்பி விழுந்திருந்தால் வெயிலில் காயவைத்து எடுத்திருப்பேன்.

அன்றைக்கே எழுத வேண்டும்

பிள்ளையின் வாக்கியம் நம் மனத்தில் ஓர் இரவு தங்கினால் அது நம் வாக்கியமாக மாறிவிடுகிறது. சொற்களின் ஒழுங்கு திருந்திவிடும், வேற்றுமை உருபுகள் சரியாகிவிடும், பகிடியை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் ஆசை உள்ளே புகுந்துவிடும். மூன்று நாள் கழித்து எழுதியதையும் அன்றைக்கே எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பிந்தியதில் பிள்ளையின் பேச்சு முழுவதும் ஆசிரியர் ஒருவர் திருத்திக் கொடுத்ததுபோல இருந்தது.

ஆனால் அடுப்பில் சொதி பொங்கிக்கொண்டிருக்கும்போது கொப்பியைத் தேடிப் போக முடியாது. இதற்கு நான் கண்ட வழி, அடுப்படிச் சுவரில் தொங்கும் நாட்காட்டி. நாளொன்றுக்குத் தாள் ஒன்றாகக் கிழிக்கும் கலண்டராக இருந்தால் இன்னும் நல்லது. பேச்சு காதில் விழுந்தவுடன் அன்றைய தாளின் ஓரத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதிவிடுங்கள். நான் அன்று எழுதியது "நீந்த" என்ற சொல் மட்டுமே. இரவு பிள்ளைகள் நித்திரையானபின் தாளைக் கிழித்து, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு முழுப் பேச்சையும் கொப்பிக்குள் இறக்கலாம். பேச்சின் கடைசிச் சொல்லைக் குறித்து வைப்பது நல்லது. கடைசி கையில் இருந்தால் முன்னுக்கு நடந்தவை தாமாகவே வந்து சேரும். பேனையைக் கலண்டர் ஆணியில் நூல் கட்டித் தொங்க விடுங்கள். நூல் குட்டையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும் என்று நேர்த்தி வைக்க வேண்டாம். காலபோக விதைப்பு நடக்கும் புரட்டாதி, ஐப்பசியிலும் தை, மாசி அறுவடையிலும் எங்கள் வீட்டில் கொப்பி திறக்கப்படாத கிழமைகள் உண்டு. கிழமைக்கு இரண்டு பதிவு வந்தால் ஓராண்டில் நூறு பதிவு சேர்ந்துவிடும்.

எதை, எப்படி எழுதுவது

பதிவின் தலையில் திகதியையும் பிள்ளையின் வயதையும் எழுதுங்கள். வயதை ஆண்டோடு நிறுத்தாமல் மாதமும் சேர்த்து எழுத வேண்டும். சிறு பிள்ளைகளில் மூன்று வயது ஒரு மாதத்துக்கும் மூன்று வயது பத்து மாதத்துக்கும் இடையில் உள்ள தூரம், பெரியவர்களில் பத்து ஆண்டுத் தூரத்துக்குச் சமம். அடுத்து, யாரிடம் சொன்னது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒரு வரி. அதன்பின் பேச்சு. பேச்சோடு நிறுத்திவிட வேண்டும்.

நான் தொடக்கத்தில் எழுதிய பதிவொன்று இப்படி இருக்கிறது: "இன்று பிள்ளை வாழைப்பழம் கேட்ட விதம் மிகவும் வேடிக்கையாக இருந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்." இதை இன்று வாசிக்கும் எவருக்கும் சிரிப்பு வராது, ஏனென்றால் சிரித்தவர்கள் மட்டும் இதில் இருக்கிறார்கள், பிள்ளை இல்லை. நல்லவேளையாக அந்த நாளின் கலண்டர்த் தாள் தப்பியிருந்ததால், பின்னர் அதைத் திருத்தி எழுத முடிந்தது.

நடந்தது இதுதான். மூத்தவளுக்கு அப்போது இரண்டு வயதும் நான்கு மாதமும். முல்லைத்தீவிலிருந்து என் கணவரின் பெரியம்மா வந்திருந்தார். முகட்டு வளையில் கதலிக் குலை ஒன்று தொங்கியது. பிள்ளை அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "பயம்" என்றாள்.

"ஏன் குஞ்சு பயப்பிடுறாய்? நான் அப்பாவின்ர பெரியம்மாவடி, பிடிக்கமாட்டன்" என்றார் அவர்.

"பயம் வேணும்."

"பயம் வேணுமோ?"

"ஓம். பெரிய பயம்." சற்றுப் பொறுத்து, "உரிச்சுத் தாங்கோ."

இங்கே "பழம்" என்று திருத்தி எழுதியிருந்தால் எழுதுவதற்கே ஒன்றும் இருந்திராது. பிள்ளை எந்த ஒலியில் சொன்னதோ அதற்கு மிக அண்மையான எழுத்தை இடுங்கள். பொருள் விளங்காமற் போகலாம் என்று தோன்றினால் பக்க ஓரத்தில் சரியான சொல்லைச் சிறிதாக எழுதி வையுங்கள். ழகரம் பிள்ளைகளின் வாயில் பிந்தி வரும் ஒலிகளில் ஒன்று. வளர்ந்தவர்களிலேயே நம்மிற் பலர் "பளம்" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறோம், ஆகவே இரண்டு வயதுப் பிள்ளை யகரத்தில் போய் நிற்பதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. "மயை பெய்யுது", "குலங்கு வந்தது", "வாயப்பயம்" என்றெல்லாம் எழுதிக்கொண்டே வந்தால், எந்த மாதத்தில் எந்த ஒலி சரியாக விழத் தொடங்கியது என்பதும் கொப்பியிலேயே தெரிந்துவிடும். மூத்தவள் முதன்முதலில் "பழம்" என்று துல்லியமாகச் சொன்ன நாளில் எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சியா கவலையா என்று இன்றுவரை விளங்கவில்லை.

வட்டார வழக்கையும் திருத்தக் கூடாது. "எண்டு", "இஞ்ச", "ஆர்", "கெதியா" என்று பிள்ளை சொன்னால் அப்படியே எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பழகிய கை இதற்கு முதலில் இணங்காது. பேனை தானாகவே "என்று" என்று எழுதிவிடும். மறுபடியும் வெட்டி எழுதுங்கள், பழகிவிடும்.

பிள்ளைகளின் பேச்சில் பகிடி சொல்லில் இருப்பதைவிட நியாயத்தில்தான் அதிகம் இருக்கிறது. அவர்கள் பகிடி விடுவதில்லை. நாம் சொல்லிக் கொடுத்த விதி ஒன்றை நாம் நிறுத்தும் இடத்தில் நிறுத்தாமல் மேலும் கொண்டு போகிறார்கள். ஆகவே பேச்சுக்கு முன்னிருந்த விதி எது என்று தெரிந்தால் அதையும் எழுதி வையுங்கள். மூத்தவள் நாலு வயதில் என்னிடம் வழக்குரைத்தாள்: "அம்மாவின்ர அம்மா அம்மம்மா. அம்மாவின்ர அப்பா அம்மப்பா. அப்ப அம்மாவின்ர தம்பி அம்மத்தம்பிதானே? ஏன் மாமா எண்டு சொல்லுறியள்?" தமிழ் உறவுமுறைச் சொற்களை ஆக்கியவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்களோ தெரியாது, என்னிடம் பதில் இல்லை. என் தம்பி இப்போது போன் எடுத்தால் "அம்மத்தம்பி கதைக்கிறன்" என்றுதான் தொடங்குகிறான். மொழியைக் கற்கும் பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொல்வதோடு நின்றுவிடாமல், கேட்டவற்றிலிருந்து ஒழுங்கொன்றைப் பிடித்துத் தானே புதிய சொற்களை ஆக்குகிறது என்பதற்கு இப்படியான பிழைகளே சான்று. நடுவிலான் இதே வழியில், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலுக்கு நாளைக்குப் போவோம் என்று சொல்லிப் படுக்க வைத்த இரவுக்கு அடுத்த விடியற்காலையில் என் தோளைத் தட்டி, "அம்மா, நாளைக்கு வந்திட்டுதோ?" என்று கேட்டான்.

என் கொப்பியில் எனக்கு மிகவும் பிடித்த பதிவு மூத்தவளின் மூன்றரை வயதில் நடந்தது. வீட்டுக்கு வருகிறவர்களோடு மரியாதையாகக் கதைக்க வேண்டும், வாங்கோ என்று சொல்லி இருக்கச் சொல்ல வேண்டும் என்று இரண்டு கிழமையாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பின்னேரம் நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்க, அவள் விறாந்தையிலிருந்து குரல் கொடுத்தாள்: "அம்மா, ஆடு வந்திருக்கிறா. இருக்கச் சொல்லட்டோ?" நான் எட்டிப் பார்த்தபோது, அயல்வீட்டுத் தாயாடு முன்னங்கால்கள் இரண்டையும் படியில் வைத்து நிற்க, பின்னால் குட்டி இரண்டு நின்றன. பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் இவள் கை கட்டி நின்றாள். ஆட்டுக்கு ஏன் "வந்திருக்கிறா" என்று சொல்கிறாய் என்று கேட்டதற்கு, "அவா பிள்ளையளோட வந்திருக்கிறா" என்றாள்.

பேச்சு வராத பிள்ளைக்குச் செயலை எழுத வேண்டும், அதற்கும் இதே முறைதான். "குறும்பு செய்தாள்" என்று எழுதாமல் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். கடைக்குட்டி ஒன்றரை வயதில் தகப்பனின் செருப்பைத் தூக்கி மடியில் படுக்க வைத்து, தன் கோப்பையிலிருந்த புட்டை மூன்று விரலால் எடுத்து, செருப்பில் கட்டைவிரல் நுழையும் ஓட்டைக்குள் தீத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் முதலில் தன் வாயைத் திறந்து "ஆ" என்று காட்டினாள். செருப்பு வாங்க மறுத்த புட்டை வழித்துத் தானே சாப்பிட்டாள். ஐந்தே வரி, அவளுக்கு நான் எப்படிச் சோறு தீத்துகிறேன் என்பதும் அதற்குள் வந்துவிட்டது.

முதலில் பதில் சொல்லுங்கள்

கொப்பி எழுதும் பழக்கம் பிடித்துவிட்டால் அதோடு ஒரு கெட்ட பழக்கமும் சேர்ந்து வரும். பிள்ளை பேசும்போது அதன் கேள்வியைக் கேட்காமல் பதிவுக்குப் பொருள் தேடத் தொடங்குவோம். டிரைவர் மாமாவுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டவனுக்கு அது பகிடி அல்லவே. அவனுக்குத் தெரிந்த நேசறி வான் குளத்துக்குள் கிடக்கிறது என்ற எண்ணத்தோடு அவன் படுக்கப் போயிருந்தால் நித்திரை வந்திராது. அதனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வான் பத்திரமாக நிற்கிறது என்று சொல்லி, மறுநாள் மழை விட்டபின் தகப்பனோடு மோட்டார் சைக்கிளில் ஏற்றி வான் பாய்வதைக் காட்டக் கூட்டிப் போனோம். நுரைத்துக்கொண்டு ஓடும் நீரை நெடுநேரம் பார்த்தான். பிறகு, "இது தண்ணிதானே" என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

வந்தவர்களுக்கு முன்னால் "மாமிக்கு அதைச் சொல்லிக் காட்டு" என்று பிள்ளையைக் கேட்பதையும் நிறுத்தியிருக்கிறேன். அப்படிக் கேட்கப்பட்ட பிள்ளை ஒன்றில் வாயை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிக்கும், அல்லது சிரிப்பு வாங்குவதற்காக அதையே நாற்பது தடவை சொல்லும். இரண்டாவது வகைப் பேச்சைக் கொப்பியில் எழுதிப் பயனில்லை.

எழுதாமல் விட வேண்டியவை

பதினைந்து வயதில் பிள்ளை இதைத் தன் தோழியோடு இருந்து வாசிக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுதுங்கள். பாயை நனைத்தது, ஊசிக்கு அழுதது, அடி வாங்கியது போன்றவற்றில் எவை பின்னாளில் சிரிப்புத் தரும், எவை முகத்தைக் கவிழ்க்கும் என்பது தாய்க்குத் தெரியும். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். இதே காரணத்தால் கொப்பியில் உள்ளதை முகநூலில் போடுவதையும் நான் விரும்புவதில்லை. கொப்பியில் எழுதியதைக் கிழிக்கலாம், அங்கே போட்டதை யார் யார் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது.

வீட்டு இரகசியங்களைப் பிள்ளைகள் வெளிவிடும் சந்தர்ப்பங்கள் தனி வகை. எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவரிடம் நடுவிலான் தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டே, "அம்மா சொன்னவா, நீங்கள் வந்தால் கெதியாப் போகமாட்டியள் எண்டு" என்றான். அதையும் எழுதியிருக்கிறேன், வந்தவரின் பெயரை மட்டும் எழுதவில்லை. ஊரில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவு. கொப்பி யார் கையில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

கிளினிக் கொப்பிக்கு உதவும் இடம்

எடை, உயரம், தடுப்பூசி என்பனவற்றுக்குக் கிளினிக் கொப்பி இருக்கிறது. அவற்றை இங்கே எழுதி இரட்டை வேலை பார்க்க வேண்டாம். ஆனால் பேச்சைப் பற்றிக் குடும்பநல உத்தியோகத்தர், நம் வாயில் மிட்வைவ் அக்கா, கேட்கும்போது பேச்சுக் கொப்பி நினைவைவிட நம்பகமாகப் பதில் சொல்லும். பொதுவாக ஒரு வயதையொட்டி முதற்சொற்கள் வரும். இரண்டு வயதளவில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொற்களைச் சேர்க்கத் தொடங்கும். மூன்று வயதில் சிறு வாக்கியங்கள் பேசும், அயலவருக்கும் பெரும்பாலும் விளங்கும். இரண்டு வயது கடந்தும் சொற்கள் சேரவில்லை என்றாலோ, முன்பு சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுவிட்டன என்றாலோ, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றாலோ, "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்ற ஆறுதலைக் கேட்டுக்கொண்டிராமல் கிளினிக்கில் சொல்லி, காது கேட்பதையும் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் "நான் நான் நான்" என்று சில காலம் தடுமாறிப் பேசுவது பல பிள்ளைகளில் காணப்படுவது, பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். மாதக்கணக்கில் நீடித்தாலோ கூடினாலோ அதையும் காட்டுங்கள். கொப்பியில் எழுதும்போது அந்தத் தடுமாற்றத்தை நான் எழுதுவதில்லை.

அம்மம்மாவின் பக்கம்

கொப்பியைப் பின்புறமாகத் திருப்பி, கடைசிப் பத்துப் பக்கங்களை உங்கள் சொந்தச் சிறுவயதுக்கென்று ஒதுக்குங்கள். எங்கள் தலைமுறைக்கு இது மிகவும் தேவை. 2009 இல் போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்கால்வரை போன குடும்பங்களில் படங்கள் வைத்த பெட்டியைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர்கள் மிகச் சிலரே. என் அம்மா பையில் கட்டியது அடையாள அட்டைகளையும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையும் மட்டுந்தான். நான் எப்படி இருந்தேன் என்பதற்கு இப்போது அம்மாவின் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அம்மாமாரிடம் "நான் சின்னனில என்ன கதைச்சனான்?" என்று கேட்டால் "நீ நல்ல பிள்ளை" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. இடத்தையும் பொருளையும் தொட்டுக் கேட்க வேண்டும். போர் நடந்த பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கு எப்படிக் கட்டினீர்கள் என்று நான் கேட்டபோது, அம்மா திரி போடுவதை விளக்கிக்கொண்டே போய், கேட்காத ஒன்றைச் சொன்னார். போரால் மூடியிருந்த ஏ9 பாதை 2002 இல் திறந்தபின் முதன்முறையாக வவுனியாவுக்கு உறவினர் வீட்டுக்குப் போனபோது எனக்கு நான்கு வயது. இரவு சாப்பிட்டு முடிந்ததும் நான் கதிரையில் ஏறி நின்று, மின்குமிழைப் பார்த்துக் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தேனாம். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, "மண்ணெண்ணெய் முடியப்போகுது, நூருங்கோ" என்றேனாம். இந்த ஒரு வரிக்காகவே அந்தப் பத்துப் பக்கங்களை ஒதுக்கியதில் எனக்குத் திருப்தி.

இடைவெளி விடுதல்

மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே கொப்பியா, வேறு வேறா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை; ஒரே கொப்பி. வேறு வேறாக வைத்தால் மூத்த பிள்ளையின் கொப்பி தடிப்பதும் கடைசிப் பிள்ளையின் கொப்பி மெலிவதும் தவிர்க்க முடியாதவை, பின்னாளில் அதற்குக் கணக்கும் கேட்கப்படும்.

ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே நான்கு வரியை வெறுமையாக விட மறக்க வேண்டாம். பிள்ளைகள் ஒரு விடயத்தை விட்டுவிட்டதாக நாம் நினைப்போம். மாதங்கள் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வருவார்கள். வான் பாய்ந்த பதிவுக்குக் கீழே நான் விட்டிருந்த இடைவெளி ஓராண்டு வெறுமையாகக் கிடந்தது. அடுத்த மாரியில் அதே அண்ணர் அதே வேலியோரம் நின்று அதே செய்தியைச் சொல்ல, "வான்" என்ற சொல்லைக் கேட்ட கடைக்குட்டி வாசலுக்கு ஓடி வாகனத்தைத் தேடினாள். நடுவிலான், இப்போது நாலு வயதும் ஏழு மாதமும் ஆனவன், அவளைக் கையில் பிடித்து நிறுத்தி விளக்கம் சொன்னதை அந்த நான்கு வரிக்குள் எழுதியிருக்கிறேன்:

"ஓடாதை. அது எங்கட வான் இல்லை. குளத்திட்டச் சொந்தமா ஒரு வான் இருக்கு. அதில ஏறேலாது, பாக்க மட்டுந்தான் ஏலும்."